வீசாவுக்கு ஆடி தெரியாது

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் மூடுபனி இறங்கினால், முட்டையிட்ட இடம் தெரியாமல் கோழியே மூன்று நாள் தேடும். தேடிக் களைத்துப் பக்கத்து லயத்து வரிசைவீட்டுக் கோழியின் முட்டைமேல் உட்கார்ந்து அடைகாக்கும். அங்கே பொரிந்த குஞ்சுகளில் பாதிக்குத் தாய் யார் என்ற தகராறு இன்னும் தீரவில்லை. அப்படிப்பட்ட தோட்டத்தில் குழப்பமே இல்லாமல் நடந்து வந்தது பஞ்சாங்கம் ஒன்றுதான். அதற்குக் காரணம் சோலைமலை.

சோலைமலை ஓய்வு பெற்ற கங்காணி. வயது அறுபத்தேழு. மாரியம்மன் கோயில் தலைவர். ஆடி பிறந்துவிட்டது என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் மலையில் காற்றே கிளம்பும் என்பார்கள். ஒரு வருடம் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது காற்று இரண்டு நாள் கணவாயிலேயே காத்துக் கிடந்ததாம். நம்பாதவர்கள் தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

அவர் கறாராக நடத்தி வந்த சட்டம் ஒன்று உண்டு. புதிதாகக் கல்யாணமான சோடி ஆடியில் சேர்ந்திருக்கக் கூடாது. பெண் தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டும். முதல் தேதி காலையில் கைத்தடியோடு வந்து வாசலில் நிற்பார். பெட்டி கட்டும் வரை நகர மாட்டார். மாப்பிள்ளைகள் அவரை முறைப்பார்கள். அவர் திரும்பி முறைக்க மாட்டார், வானத்தைப் பார்ப்பார்.

இந்த ஆடியில் பெட்டி கட்ட வேண்டியது அவர் வீட்டிலேயே.

கடைசி மகன் வினோஜனுக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. பெண் ஹம்சினி, சோலைமலையின் சொந்தத் தங்கை மகள், கோத்தகிரியில் பிறந்தவள். தங்கையும் அவரும் ஒரே காம்பராவில், ஒரே பாயில் படுத்து எழுந்தவர்கள். எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று தோட்டத்து ஆட்கள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த காலம். தங்கை வாழ்க்கைப்பட்ட குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. சோலைமலையின் தகப்பன் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அவ்வளவுதான். ஒரு காகிதத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்காரர் ஆனார், தங்கை இன்னொரு நாட்டுக்காரி ஆனாள். நாற்பத்து நாலு வருடம் கழித்து அவள் மகள் முறைமாமன் மகனைக் கட்டிக்கொண்டு அதே லயத்துக்கு வந்தபோது, தோட்டத்துக்கு அவள் சொந்தக்காரி. அரசாங்கத்துக்கு வெளிநாட்டுக்காரி.

அவளுக்குக் கிடைத்திருந்த வீசா ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதியோடு முடிகிறது. நீடிப்புக்கு மனுப் போட்டாயிற்று. வினோஜன் அதைத் தகப்பனுக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு பெரிய பாடு.

"வீசாங்கிறது உள்ள வர்றதுக்குப்பா. எக்ஸ்டென்ஷன்ங்கிறது உள்ள இருக்கிறதுக்கு."

"உள்ள வந்தவ உள்ளதானடா இருப்பா?"

"அதக் கேட்டுக் கேட்டுத்தான் இருக்கணும். தவணை முடிய முந்தி ஒவ்வொரு தடவையும்."

"அப்ப வீட்டுக்கு வந்த மருமகள வருசா வருசம் பொண்ணு கேட்டுப் போகணும்ங்கிற."

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

அடுப்படியிலிருந்து அழகம்மா குரல் கொடுத்தாள். "எனக்கும் அப்படி ஒரு வழி இருந்திருந்தா மொத வருசத்தோட நீடிப்பு இல்லன்னு சொல்லியிருப்பேன்."

சோலைமலை அது காதில் விழாத மாதிரி இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அந்தக் காது கேட்பதில்லை.

வேண்டிய காகிதங்களில் ஒன்றுதான் பாக்கி. புருசனும் பொண்டாட்டியும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று ஜீஎஸ் என்கிற கிராம சேவகர் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும். அது இல்லாவிட்டால் நீடிப்பு இல்லை. நீடிப்பு இல்லாவிட்டால் பன்னிரண்டாம் தேதிக்குள் ஹம்சினி நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். போனால் வெளியிலிருந்து மறுபடி முதலிலிருந்து. அது மாதமா வருடமா என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அடுத்த தடவை வாசலிலேயே மறித்துவிடுவார்கள்.

இத்தனையும் கேட்டுக்கொண்டுதான் ஆடி முதல் தேதி சோலைமலை கைத்தடியோடு தன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அப்பா, ஜீஎஸ் எப்ப வேணாலும் வருவாரு."

"வந்தா நான் சொல்லிக்கிறேன்."

"என்னான்னு சொல்லுவீங்க?"

"ஆடின்னு சொல்லுவேன். அந்தாளுக்கு ஆடி தெரியாதா? நம்ம தேர் திருவிழாவுல மூணு தட்டு சோறு தின்னவரு."

கோத்தகிரிக்கு அனுப்ப முடியாது; மனு உள்ளே கிடக்கும்போது ஆள் வெளியே போனால் மனு செத்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். டயகமவில் ஹம்சினியின் அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள், வீரம்மா. இந்தியாவுக்குப் போகாமல் தங்கிவிட்டவள். இந்த ஒரு மாதத்துக்கு அதுதான் தாய் வீடு என்று சோலைமலை தீர்மானித்தார். புறப்படும்முன் கோயிலுக்குக் கூட்டிப்போய், ஆடி முடியும் வரை புருசன் முகத்தில் விழிப்பதில்லை என்று மருமகளைச் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தார். மகனுடைய போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டினார். வினோஜன் வேலை செய்வது ஹட்டனில் போன் திருத்தும் கடையில். அந்தக் கடையில் இன்னும் நாற்பது போன் கிடக்கும் என்பது சோலைமலைக்குத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் கிராம சேவகர் பண்டார மாத்தயா வந்தார்; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. பனியில் முதலில் குடை வந்தது, பிறகு சப்பாத்து வந்தது, நடுவில் உள்ள மனிதர் கடைசியாக வந்து சேர்ந்தார். வினோஜன் கடைக்குப் போயிருந்தான். காம்பராவை எட்டிப் பார்த்தார். கொடியில் ஆண்பிள்ளைச் சட்டைகள் மட்டும் தொங்கின. பெண் உடுப்பு ஒன்றுகூட இல்லை, சீப்பு இல்லை, செருப்பு இல்லை.

"மருமக எங்க?"

"டயகமவுல."

"எப்ப வரும்?"

"ஆடி முடிஞ்சாத்தான் மாத்தயா. நான்தான் பிரிச்சு வச்சிருக்கேன்." சோலைமலை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

பண்டார மாத்தயா ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று வெளியே வந்தார். அங்கேதான் தோட்டம் சோலைமலைக்கு உதவி செய்யப் புறப்பட்டது.

அரசாங்க ஆள் வந்து ஒரு சோடியைப் பற்றி விசாரிக்கிறார் என்றால் எதற்காக இருக்கும்? தலைவர் தன் வீட்டிலேயே ஆடியை மீறவிட்டார் என்று யாரோ பெட்டிசன் போட்டிருக்க வேண்டும். லயத்துக்கே அப்படித்தான் பட்டது. தலைவரின் மானத்தைக் காப்பாற்ற நீ முந்தி, நான் முந்தி என்று வந்தார்கள்.

"ஒருநாள் ஒருபொழுது சேர விடல மாத்தயா," என்றான் அடுத்த வீட்டுச் செல்லசாமி. "போனக் கூடப் புடுங்கிப் பூட்டிட்டாரு."

"அந்தப் புள்ளைக்கு இவன் மொகமே மறந்திருக்கும்," என்றாள் ஜீவராணி. "தெருவுல பாத்தா யாருன்னு கேக்கும்."

"ஆடிக்கு முந்தியும் அவங்க சேந்து கோயிலுக்கு வந்து நான் பாத்ததில்ல," என்றார் வீரய்யா. வீரய்யாவுக்குக் கண்புரை வந்து மூன்று வருடமாயிற்று. அதை அவர் சொல்லவில்லை.

செல்லசாமி விடவில்லை. "மாத்தயா, நெசத்த சொன்னா, அவங்க புருசன் பொண்டாட்டிதானான்னு தோட்டத்துக்கே சந்தேகம் வந்திருச்சு. அவ்வளவு ஒழுக்கம்."

பண்டார மாத்தயா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சோலைமலைக்குப் பெருமையில் முகம் சிவந்தது. காகிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னபோதுதான் அது வெளுத்தது.

"எனக்கு ஆடி தெரியும், கங்காணி," என்றார் பண்டார மாத்தயா. அவர் கெட்டவர் இல்லை. "ஆனா படிவத்துல ஆடிக்கு எடம் இல்ல. ஒரே வீட்டுல இருக்காங்களா? ஆம், இல்லை. ரெண்டு பெட்டிதான். நான் கண்டதத்தான் எழுத முடியும். பொய்க் கல்யாணம் பண்ணி வீசா எடுக்கிறவங்க இருக்காங்க. அதுக்குத்தான் இந்தக் கேள்வியே."

"இப்பவே போய்க் கூட்டிட்டு வர்றேன், மாத்தயா."

"இன்னைக்குத் திகதி போட்டாச்சே."

குடை பனிக்குள் போயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் வினோஜன் ஒரே ஒரு வசனம் பேசினான்: "அவள நீங்களே நாடு கடத்திட்டீங்கப்பா."

கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மனுதாரரும் கணவரும் வீட்டுத் தலைவரும் ஆகஸ்ட் ஏழாம் தேதி நேரில் வர வேண்டும். இருவரும் தம்பதியாக வாழவில்லை என நம்பக் காரணம் இருக்கிறது. சோலைமலை அதை வாங்கிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். பிறகு எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எங்கே வைத்தாலும் அது சத்தம் போடுவது மாதிரி இருந்தது.

ஹம்சினி முதல் நாளே ஹட்டனுக்கு வந்து வீரம்மாவின் மகள் வீட்டில் தங்கினாள். விடியற்காலைக் கொழும்பு பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் ஆசனம் கிடைத்தது. இருவரும் முகம் பார்த்துக்கொள்ளாதபடி சோலைமலை நடுவில் உட்கார்ந்தார். ஒரு தோளில் மகன், ஒரு தோளில் மருமகள். வளைவுக்கு வளைவு இருவரையும் தாங்கினார். மலை இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினார், மப்ளரைக் கழற்றினார், தொப்பியைக் கழற்றினார். பஸ் இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் கங்காணியில் பாதிகூட மிஞ்சியிருக்க மாட்டார்.

வீசா கந்தோரில் இலக்கத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ஒரு வெள்ளைக்காரர். பதினெட்டு வருடமாகக் கடலோரத்தில் குடியிருக்கிறாராம். அவருடைய கோப்பு பக்கத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தது. அந்தக் கோப்புக்கும் ஒரு இலக்கத் துண்டு கொடுத்திருப்பார்கள் போல என்று சோலைமலை நினைத்தார். சிரிப்பு வரவில்லை.

முதலில் வினோஜனைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அரை மணி நேரம். பிறகு ஹம்சினியை. அது ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. பிறகு மூன்று பேரையும் ஒன்றாக.

மேசைக்குப் பின்னால் நடுத்தர வயதில் ஒரு பெண் அதிகாரி. சிங்களவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். வானொலிச் செய்தி மாதிரி பேசினார்.

"ஆடி மாதத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டயகமவுக்குச் சென்று மனைவியைச் சந்தித்ததாக உங்கள் மகன் கூறுகிறார். ஒரு நாளும் சந்திக்கவில்லை என்று உங்கள் மருமகள் கூறுகிறார். இருவரில் ஒருவர் பொய் கூறுகிறார். யார் என்று நான் அறிய வேண்டும்."

சோலைமலை மகனைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கிறது என்றுதான் அவன் சொல்லியிருந்தான். ஒவ்வொரு ஞாயிறும். அவருக்குக் கோபம் கால் கட்டைவிரலில் இருந்து கிளம்பியது. கிளம்பி முழங்கால் வரை வந்தது. அங்கே மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

ஹம்சினி அதிகாரியைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த பிள்ளை தட்டை உடைத்துவிட்டுப் பார்க்கிற பார்வை.

"ஹம்சினி," என்றான் வினோஜன். "சொல்லு."

"நான் பாக்கலங்க," என்றாள் அவள் மெதுவாக. "மாமாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார். "இதுவே உங்கள் இறுதிப் பதில் என்றால் நான் எழுதுகிறேன். பன்னிரண்டாம் திகதிக்குள் நீங்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருக்கும்."

"தாயி," என்றார் சோலைமலை. "நான் இருக்கேன்னு பாக்காத. உள்ளத சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

அவளுக்குத் தன்மேல் இருந்த பயம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் சோலைமலைக்குத் தெரிந்தது. ஒரு நாட்டைவிடப் பெரியதாக இருந்தது. அதை வளர்த்தவர் அவரேதான். வாசலில் நின்று, வானத்தைப் பார்த்து, வருடக்கணக்காக.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன். எழுதிக்கங்க," என்றார் அதிகாரியிடம்.

"இந்த விடயத்துடன் தொடர்புடையதா?"

"தொடர்புதான்." அவர் நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்தார். "நாப்பது வருசத்துக்கு முந்தி. எனக்குக் கல்யாணமான மொத ஆடி. என் சம்சாரத்தக் கொத்மலைக்கு, அவங்க தாய் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் மூணு தடவ மலை ஏறிப் போனேன். காலையில பெரட்டுல பேர் கூப்பிட முந்தித் திரும்பி வந்து நின்னுருவேன். ஒருத்தருக்கும் தெரியாது."

வினோஜன் தகப்பனை முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"சித்திரையில பையன் பொறந்தான். ஆடியில சேந்தா சித்திரையில பொறக்கும், சித்திரையில பொறந்தா ஆகாதும்பாங்க. இருபத்தாறு நாள் இருந்தான். குறை மாசம்னு ஊருக்குச் சொன்னோம். குறையெல்லாம் இல்லம்மா. நெறஞ்ச புள்ள. தலை நெறைய முடி. அதுலேருந்து எங்க தோட்டத்துல ஒருத்தரையும் நான் சேர விடல. எம்பேர்ல குத்தத்த வச்சுக்கிட்டு எல்லா வீட்டு வாசல்லயும் போய் நின்னேன்."

பிறகு அவர் மருமகள் பக்கம் திரும்பினார்.

"சத்தியத்த நான் வாங்கினேன். இந்தா, நானே திருப்பிக் குடுத்துட்டேன். சொல்லு தாயி."

ஹம்சினி அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். மூன்று ஞாயிறு. முதல் ஞாயிறு அத்தையின் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் நின்றார்கள். மழைக்கு ஒரு உரப்பையைக் கிழித்து இரண்டு பேரும் தலையில் போட்டுக்கொண்டார்கள். அவன் வறுத்த கடலை வாங்கி வந்திருந்தான். நனைந்துபோய்க் காகிதச் சரை பிரிந்து கொட்டிவிட்டது, மாடு தின்றது. இரண்டாவது ஞாயிறு சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. அவளிடம் கறுப்பு நூல்தான் இருந்தது, வெள்ளைச் சட்டையில் கறுப்பு நூலால் தைத்தாள். மூன்றாவது ஞாயிறு கடிதம் வந்த சங்கதியைச் சொன்னான். அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை.

அதிகாரி வினோஜன் சொன்னதை எழுதியிருந்த தாளை விரலால் பின்தொடர்ந்தார். உரப்பை. கடலை. மாடு. வினோஜனின் சட்டையை எட்டிப் பார்த்தார். மேலிருந்து இரண்டாவது பொத்தானில் கறுப்பு நூல் இருந்தது.

"பொய் கூறியது தவறு," என்றார் ஹம்சினியிடம். "அதை நான் பதிவு செய்ய வேண்டும். முழு நீடிப்பை இன்று என்னால் சிபாரிசு செய்ய முடியாது. மூன்று மாதம் தரப்படும். அதற்குள் அறிவிக்காமல் மீண்டும் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். அயலவர்களிடமும் கேட்பார்கள்."

"அயலவங்ககிட்டயா?" என்றார் சோலைமலை. அந்த அறையில் அவர் உண்மையில் நடுங்கியது அப்போதுதான்.

நவம்பர் பன்னிரண்டு என்று கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது. அவ்வளவு காத்திருந்ததற்கு அது சின்ன முத்திரை. கொழுந்து நிறுக்கிற துண்டில்கூட அதைவிடப் பெரிதாகப் போடுவார்கள்.

திரும்பும் பஸ்ஸில் சோலைமலை ஜன்னலோரம் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தார். சித்திரை வந்ததும் விரலை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எப்படி எண்ணினாலும் சித்திரை அதே இடத்தில்தான் வந்தது.

ஹட்டன் பஸ் நிலையத்தில் டயகம பஸ் ஒன்று புறப்படக் காத்திருந்தது. ஊசிமலை பஸ் அதற்குப் பின்னால் நின்றது. ஹம்சினி பையைத் தூக்கிக்கொண்டு டயகம பஸ் பக்கம் நடந்தாள். அவள் மாமாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை, பழக்கத்தில் நடந்தாள். சோலைமலை எட்டிப் பையைப் பிடித்தார். பையை ஊசிமலை பஸ்ஸில் ஏற்றினார்.

தோட்டத்துச் சந்தியில் இறங்கியபோது செல்லசாமி கடை வாசலில் நின்றான். மூன்று பேரையும் பார்த்ததும் பீடியை மறைத்தான்.

"என்ன தலைவரே, மருமகளயும் கூட்டிட்டு வர்றீங்க? ஆடி முடிய இன்னும் ஒம்போது நாள் கெடக்கே."

"கெடக்கு."

"ஆளுங்க கேட்டா என்ன சொல்ல?"

"சேந்து இருக்காங்கன்னு சொல்லு. எவன் வந்து கேட்டாலும் அதத்தான் சொல்லணும். ஜீவராணிகிட்டயும் வீரய்யாகிட்டயும் சொல்லி வையி. ஒழுக்கம் கிழுக்கம்னு வாயத் தெறந்தீங்கன்னா தொலைச்சுப்புடுவேன்."

செல்லசாமி வாயைப் பிளந்தான். நாளைக்குப் பொழுது விடிவதற்குள் தலைவருக்குப் பேய் பிடித்ததென்றும், அது கொழும்புப் பேய் என்றும், சிங்களமும் தமிழும் கலந்து பேசியதென்றும் தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும். அதைப் பற்றிச் சோலைமலைக்குக் கவலை இல்லை.

லயத்து வாசலில் அழகம்மா நின்றாள். மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மருமகள் கைப் பையைப் பார்த்தாள்.

"டயகம பஸ் கெடைக்கலயா?"

"கெடைச்சிச்சு. ஏத்தல."

வினோஜனும் ஹம்சினியும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். அழகம்மா நகரவில்லை. நாற்பது வருடமாக அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

"அங்க என்ன கேட்டாங்க?"

"எல்லாம் கேட்டாங்க. கொத்மலைக்கு வந்ததச் சொல்லிட்டேன்."

"எத?"

"அததான். புள்ளையையும்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஹம்சினி பையைத் திறந்து உடுப்பைக் கொடியில் போடும் சத்தம் கேட்டது.

"சித்திரையில ஏதாச்சும்..." என்று ஆரம்பித்தாள்.

"சித்திரைக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு," என்றார் சோலைமலை. "வீசா ஐப்பசியிலயே முடியுது. மொதல்ல அத பாப்போம்."